கூண்டு யாருக்காக ஏற்றப்பட்டது? புயலோடு வரும் கடலின் கதை

(ஒலி வடிவத்தில் வந்த அத்தியாயத்தின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை நீக்கி, படிக்க ஏற்றபடி திருத்தியிருக்கிறோம்.)

ராமேஸ்வரம் போனவர்களில் பாதிப்பேராவது தனுஷ்கோடி போயிருப்பீர்கள். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு போட்ட பிறகு, வேனில் ஏறி உட்கார்ந்தால் நேராகக் கடல் முடிகிற இடத்தில் கொண்டு போய் விட்டுவிடுகிறார்கள். வழியில் அந்தப் பழைய சர்ச், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறோம். "என்ன ஆச்சு இந்த ஊருக்கு?" என்று கேட்டால், "64-ல புயல் அடிச்சுச்சுல்ல, அதுல போச்சு" என்று பதில் வரும்.

பதில் சரிதான். ஆனா அந்த "அடிச்சுச்சு" என்கிற வார்த்தையில ஒரு சின்னச் சிக்கல் இருக்கு. அடிக்கிறது காத்து. தனுஷ்கோடியைக் கொண்டு போனது காற்று மட்டுமா? கூரை பறக்கும், மரம் சாயும், ஓடு நொறுங்கும், அதெல்லாம் காற்று செய்கிற வேலை. ஒரு ரயிலை, உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோடு சேர்த்து இல்லாமல் ஆக்கியது தண்ணீர்.

இன்றைக்கு அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் பேசப் போகிறோம். புயல் வந்தால் கடல் ஏன் ஏறுகிறது, எந்த இடத்தில் ஏறும், எந்த இடத்தில் ஏறாது, இதை மனிதர்கள் எப்போது கண்டுபிடித்தார்கள் என்பதெல்லாம் வரும். இதையெல்லாம் விட என்னை ரொம்பத் தொந்தரவு செய்த கேள்வி ஒன்று இருக்கிறது. கண்டுபிடித்த பிறகும் இத்தனை லட்சம் பேர் ஏன் செத்தார்கள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

2004-க்குப் பிறகு நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கடல் ஊருக்குள் வந்தாலே "சுனாமி" என்கிறோம். சுனாமிக்கும் வானிலைக்கும் சம்பந்தமே கிடையாது. அது கடலுக்கு அடியில் நிலம் அசைவதால் வருவது. வானம் தெளிவாக, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும். 2004 டிசம்பர் 26 காலையில் அப்படித்தான் வந்தது.

நாம் பேசப் போவது வேறு. இதற்குப் புயல் அலை என்று பெயர். பெயரில் "அலை" இருந்தாலும், ஒரே ஒரு பெரிய அலை வந்து அடித்துவிட்டுப் போவதாக நினைக்கக் கூடாது. கடலின் மட்டமே உயர்ந்து, சில மணி நேரம் உயர்ந்தபடியே நிற்கும். அந்த உயர்ந்த மட்டத்துக்கு மேலே வழக்கமான புயல்கால அலைகள் அடிக்கும். உங்கள் வீட்டு வாசலில் கடல் ஓர் ஆள் உயரத்துக்கு ஏறி நின்றுகொண்டு, அங்கிருந்து அலையடிக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அதுதான் புயல் அலை.

கல்கத்தாவில் ஒரு பிடிவாதக்காரர்

கதையின் முதல் மனிதர் ஹென்றி பிடிங்டன். இங்கிலாந்துக்காரர், வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தவர். பிறகு கல்கத்தாவில் தங்கிவிட்டார். அங்கே கப்பல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தலைவராக இருந்தார். அதாவது, எந்தக் கப்பல் மூழ்கினாலும், எது சிதைந்து வந்தாலும், அதன் குறிப்புப் புத்தகம் கடைசியில் இவருடைய மேசைக்கு வந்து சேரும்.

மற்றவர்களாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார்கள். இவர் அவற்றைச் சேர்த்து வைத்துப் படித்தார். ஒரே புயலில் மாட்டிய பல கப்பல்களின் குறிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று, பாதரசம் எவ்வளவு இறங்கியது என்பதையெல்லாம் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், காற்று ஒரு நடுப்புள்ளியைச் சுற்றிச் சுற்றிப் போவது தெரிந்தது. சுருண்டு கிடக்கிற பாம்பு மாதிரி. அந்தச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் ஒரு பெயரை உருவாக்கி, 1848-ல் வெளியிட்ட மாலுமிகளுக்கான கையேட்டில் பயன்படுத்தினார். அதுதான் "சைக்ளோன்". இன்றைக்கு உலகமே பயன்படுத்துகிற அந்த வார்த்தை, நம்ம வங்காள விரிகுடாக் கரையில உட்கார்ந்து செஞ்சது!

ஆனால் நமக்கு இன்று முக்கியம் அந்தப் பெயர் இல்லை, அவர் எழுதிய ஒரு கடிதம். ஹூக்ளி ஆற்றில் மணல் சேர்ந்து, பெரிய கப்பல்கள் கல்கத்தாவுக்கு வருவது கடினமாகிக்கொண்டிருந்தது. அதனால் சுந்தரவனப் பகுதியில் மாத்லா ஆற்றின் கரையில் புதிய துறைமுகம் கட்டலாம் என்று யோசனை வந்தது. 1853-ல் பிடிங்டன், கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். சுருக்கமாக அதன் பொருள் இதுதான்: இந்த இடத்தில் ஊரைக் கட்டாதீர்கள். என்றாவது ஒரு நாள் புயலுக்கு நடுவே உப்புத் தண்ணீர் ஐந்தடி முதல் பதினைந்தடி உயரத்துக்கு ஏறி வந்து குடியிருப்பு முழுவதையும் மூழ்கடிக்கும்.

யாரும் கேட்கவில்லை. பிடிங்டன் 1858-ல் இறந்துபோனார். 1860-களில் துறைமுகம் எழுந்தது, கானிங் பிரபுவின் பெயரில் போர்ட் கானிங் என்று. கல்கத்தாவிலிருந்து ரயில் போட்டார்கள். ஹோட்டல் வந்தது. நிலத்தை வைத்துப் பங்குச் சந்தையில் பெரிய சூதாட்டமே நடந்தது.

1867 நவம்பரில் புயல் வந்தது. சுமார் ஆறடி உயரத்துக்குக் கடல் நீர் ஊருக்குள் புகுந்தது. ரயில் நிலையம், கொட்டகைகள், ஹோட்டல் எல்லாம் நாசம். குடிநீர்க் குளங்கள் உப்பாகிவிட்டன. சில ஆண்டுகளில் துறைமுகத்தையே கைவிட்டார்கள். பிடிங்டன் சொன்னது ஐந்து முதல் பதினைந்து, வந்தது ஆறு. கடிதம் எழுதி பதினான்கு வருடம்கூட முழுசா ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். அவ்வளவு சீக்கிரம்.

கடல் எப்படி ஏறுகிறது?

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, இது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இது புரிந்தால்தான் மீதிக் கதை புரியும்.

முதல் காரணம், காற்றழுத்தம். நம் தலைக்கு மேலே இருக்கிற காற்றுக்கு எடை உண்டு. அந்த எடை கடலையும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. புயலின் நடுவில் அழுத்தம் குறைகிறது. அழுத்துகிற கை லேசானதும் கடல் கொஞ்சம் மேலே எழும்புகிறது. கணக்கு எளிது: ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். சாதாரண நாளில் 1,010 மில்லிபார், புயலின் மையத்தில் 950 என்று வைத்துக்கொண்டால், 60 சென்டிமீட்டர். நம் தொடை உயரம். இது பெரிதுதான், ஆனால் ஓர் ஊரை அழிக்கப் போதாது.

இரண்டாவது காரணம்தான் எமன். காற்று தண்ணீரைத் தள்ளுவது. ஒரு அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, ஒரு பக்கத்திலிருந்து ஊதிப் பாருங்கள். எதிர்ப்பக்க விளிம்பில் தண்ணீர் ஏறும். அதையே ஆழமான ஒரு தவலையில் செய்தால் அவ்வளவு ஏறாது. ஏன்? ஆழம் இருந்தால், மேலே தள்ளப்பட்ட தண்ணீர் அடிவழியாகத் திரும்பி வந்துவிடும். ஆழம் இல்லாவிட்டால் திரும்பிப் போக வழி இல்லை, குவியத்தான் வேண்டும். ஆக, கடல் எவ்வளவு ஆழம் குறைவோ, அவ்வளவு ஆபத்து.

மூன்றாவது, கரையின் வடிவம். நேரான கரையாக இருந்தால் குவிந்த தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்துபோகும். புனல் மாதிரி குறுகிக்கொண்டே போகிற விரிகுடாவாக இருந்தால் தண்ணீருக்கு ஒதுங்க இடம் கிடையாது.

நான்காவது, எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயல் காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். புயல் போகிற திசையைப் பார்த்து நில்லுங்கள். உங்கள் வலது கைப் பக்கம் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். இடது கைப் பக்கம் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கிழக்கிலிருந்து தமிழ்நாட்டை நோக்கி வருகிற புயலுக்கு வலது கை என்றால் வடக்கு. அதனால் புயல் கரையேறும் இடத்துக்கு வடக்கே கடல் ஏறும். தெற்கே கடல் உள்வாங்கக்கூட செய்யலாம். ஒரே புயல், நூறு கிலோமீட்டர் தள்ளி நேரெதிர்க் காட்சி!

ஐந்தாவது, நேரம். கடல் தினமும் ஏறி இறங்குகிறது. இதை நம் கடற்கரை மக்கள் ஓதம் என்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் அதிகம். புயல் அலை அந்த ஏற்றத்தின் உச்சியில் வந்து சேர்ந்தால் இரண்டும் கூடிக்கொள்ளும். ஆறு மணி நேரம் தள்ளி வந்தால் ஒன்றை ஒன்று குறைக்கும்.

இப்ப இந்த அஞ்சையும் கையில வெச்சுக்கிட்டு நம்ம கடலைப் பாருங்க. சென்னைக்கு எதிரே கடல் சீக்கிரமே ஆழமாகிவிடுகிறது, கரையும் கிட்டத்தட்ட நேர்க்கோடு. ஏற்ற இறக்கமும் ஒரு மீட்டர் அளவுதான். 2016-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோதும், கடல் நகரத்துக்குள் வரவில்லை. அங்கிருந்து தெற்கே, பாக் நீரிணைக்கு வாருங்கள். அங்கே கடல் வெறும் தாம்பாளம்தான், ஆழம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள். வடக்கே வங்காளத்துக்குப் போங்கள். ஆழமும் குறைவு, கரையும் புனல், ஏற்ற இறக்கமும் மேக்னா ஆற்று முகத்தில் நாலு மீட்டருக்கும் மேலே போகும். எல்லாக் கெட்டதும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறது.

உலகில் உருவாகிற வெப்பமண்டலப் புயல்களில் நூற்றுக்கு ஐந்தாறுதான் நம் வங்காள விரிகுடாவும் அரபிக்கடலும் சேர்ந்த பகுதியில் உருவாகிறது. ஆனால் வரலாற்றில் அதிக உயிர்களைக் கொன்ற புயல்களின் பட்டியலை எடுத்தால், பெரும்பாலானவை வங்காள விரிகுடாப் புயல்களே.

கூண்டு பிறந்த கதை

சரி, மறுபடி வரலாற்றுக்கு வருவோம். போர்ட் கானிங் மூழ்குவதற்கு மூன்று வருடம் முன்பே, 1864 அக்டோபர் 5-ஆம் தேதி, கல்கத்தாவை ஒரு பெரும்புயல் தாக்கியது. கடல் ஹூக்ளி ஆற்றின் வழியே ஏறி வந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் நங்கூரம் அறுந்து ஒன்றோடொன்று மோதிச் சிதறின. ஆற்றின் இரு கரையிலும் சுமார் 50,000 பேர் மூழ்கி இறந்தார்கள். பிறகு வந்த நோயில் இன்னும் ஆயிரக்கணக்கானவர்கள். அடுத்த மாதமே, நவம்பர் தொடக்கத்தில், ஆந்திரக் கரையில் மசூலிப்பட்டினத்தைக் கடல் விழுங்கியது. அங்கே சுமார் 30,000 பேர்.

இந்த அதிர்ச்சியில்தான் அரசாங்கம் அசைந்தது. 1865-ல் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தர ஓர் ஏற்பாடு செய்தார்கள். 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது. ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைமைப் பொறுப்பாளர். 1864 புயலைப் பற்றி விரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுதியவர்களில் ஒருவரும் அவர்தான்.

நாம் சின்ன வயதிலிருந்து ரேடியோவில் கேட்டுக்கொண்டே இருக்கிறோமே, "நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று, அந்தக் கூண்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. அந்தக் கூண்டு யாருக்கு? கம்பத்தின் உச்சியில், தூரத்தில் நிற்கிற கப்பல் பார்ப்பதற்காக ஏற்றுவது அது. "துறைமுகத்தை விட்டுப் போ, ஆழ்கடலுக்குப் போய்விடு" என்று கப்பல்காரனுக்குச் சொல்வது. 1864-ல் செத்த 50,000 பேர் கப்பல்காரர்கள் இல்லை. ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்கள், வயலில் வேலை செய்தவர்கள். அவர்களுக்கான கூண்டு எதுவும் ஏற்றப்படவில்லை. கப்பலுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், காப்பீடு இருக்கிறது, நஷ்டத்துக்குக் கணக்கு இருக்கிறது. குடிசைக்கு எதுவும் இல்லை. எச்சரிக்கை என்பது பிறக்கும்போதே சரக்குக்காகப் பிறந்தது. இதை நான் குற்றச்சாட்டாக மட்டும் சொல்லவில்லை. அடுத்த நூறு வருடத்தை இது தீர்மானித்தது, அதனால் சொல்கிறேன்.

மூன்று பௌர்ணமிகள்

வானிலைத் துறை தொடங்கி ஒரு வருடம்தான். 1876 அக்டோபர் 31 இரவு, இன்றைய வங்கதேசத்தின் பாக்கர்கஞ்ச் பகுதி. பௌர்ணமி. மேக்னா ஆற்று முகத்தில் கடல் ஏற்றத்தின் உச்சியில் இருந்தபோது புயல் அலையும் சேர்ந்தது. மூழ்கி இறந்தவர்கள் சுமார் ஒரு லட்சம். பிறகு காலராவிலும் பஞ்சத்திலும் இறந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவு.

94 வருடம் தள்ளி வருவோம். 1970 நவம்பர் 12 இரவு. மறுநாள் பௌர்ணமி. அதே மேக்னா, அப்போது கிழக்குப் பாகிஸ்தான். போலா புயல். இந்தமுறை செயற்கைக்கோள் இருந்தது. புயல் வருவதை விண்ணிலிருந்து பார்த்தார்கள், வானொலியிலும் சொன்னார்கள். கரையோர மக்களில் பெரும்பாலானவர்கள் புயல் வருகிறது என்று கேள்விப்பட்டும் இருந்தார்கள். ஆனால் கேள்விப்பட்டவர்களுக்குப் போக இடம் இல்லை. அந்தத் தீவுகள் கடல் மட்டத்துக்குச் சில அடி மேலே இருக்கிற வண்டல் மேடுகள், மாடிக்கட்டடம் என்பதே அபூர்வம். மேலும், போன மாதம் ஒரு புயலுக்கு எச்சரிக்கை வந்து, பெரிதாக ஒன்றும் ஆகாமல் போயிருந்தது. தூங்கப் போனார்கள்.

இறந்தவர்கள் மூன்று லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை. சரியாக எண்ண முடியவில்லை, ஏனென்றால் எண்ணுவதற்கு வீட்டில் ஒருவராவது மிஞ்ச வேண்டும். தஜுமுதீன் என்கிற ஒரு வட்டாரத்தில் மட்டும் மொத்த மக்கள்தொகையில் கிட்டத்தட்ட பாதிப்பேர் போய்விட்டார்கள். மேற்குப் பாகிஸ்தானில் இருந்த அரசு நிவாரணத்தில் காட்டிய மெத்தனம் மக்களைக் கொதிக்க வைத்தது. அடுத்த மாதம் தேர்தல். ஷேக் முஜிபுர் ரகுமானின் அவாமி லீக், கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ வென்றது. அடுத்த வருடம் போர், வங்கதேசம் என்ற புதிய நாடு. அதற்குக் காரணங்கள் பல உண்டு, மொழி முதற்கொண்டு. ஆனால் அந்த ஓர் இரவின் தண்ணீரும் அந்த வரலாற்றில் கலந்திருக்கிறது.

மூன்றாவது, 1991 ஏப்ரல் 29. முந்தின நாள் பௌர்ணமி. சிட்டகாங் கரை. சுமார் 1,40,000 பேர். இந்தப் புயலில் பெண்கள் ஆண்களைவிட அதிகம் இறந்தார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு ஓட முடியாது. சேலை தண்ணீரில் காலைச் சுற்றிக்கொள்ளும். வெளியூர் போன கணவன் வராமல் அந்நியர்கள் நிறைந்த கட்டடத்துக்குப் போகலாமா என்கிற தயக்கம் வேறு. எச்சரிக்கை எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழுந்தாலும், எல்லார் காலும் ஒரே மாதிரி நகர முடிவதில்லை.

இப்போது தனுஷ்கோடிக்குத் திரும்புவோம்

1964 டிசம்பர். தனுஷ்கோடி அன்று சின்ன ஊர் இல்லை. சென்னை எழும்பூரிலிருந்து கிளம்புகிற போட் மெயில் அங்கே வந்து நிற்கும். இறங்கினால் எதிரே கப்பல். ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து இதுதான் வழி. சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், கோயில், சர்ச் எல்லாம் இருந்த ஊர். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவே மணல் நாக்கு.

டிசம்பர் 17 வாக்கில் அந்தமானுக்குத் தெற்கே உருவான தாழ்வழுத்தம் புயலாக வலுத்தது. வங்காள விரிகுடாவில் இவ்வளவு தெற்கே இவ்வளவு பலமான புயல் அரிது. 22-ஆம் தேதி இலங்கையின் வடபகுதியைக் கடந்தது. வவுனியா, மன்னார் பக்கமெல்லாம் பெரும் சேதம். அன்றிரவே பாக் நீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடி மேல் ஏறியது.

நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்பு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் ரயில் கிளம்பியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஊரை நெருங்கும்போது கடல் அதன் மேல் ஏறியது. ஒருவரும் பிழைக்கவில்லை. ஏழு மீட்டர் வரை கடல் உயர்ந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். தாம்பாளக் கணக்கை நினைச்சுப் பாருங்க. ஆழமில்லாத கடல், கடும்புயல், ஒதுங்க மேடே இல்லாத மணல்திட்டு. அந்தப் புயலில் மொத்தம் 1,800 பேர் வரை இறந்தார்கள். பாம்பன் பாலத்தின் பல கண்களில் இருந்த இரும்பு உத்திரங்கள் கடலுக்குள் போயின. ஆறு மாதத்தில் சரிசெய்ய வேண்டும் என்று ரயில்வே சொன்ன அந்தப் பாலத்தை, 46 நாளில் ஓடவைத்தவர் ஓர் இளம் பொறியாளர். அவர் பெயர் ஸ்ரீதரன், பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர்.

பாலம் திரும்பி வந்தது. ஊர் திரும்பி வரவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இருந்தும் மீனவக் குடும்பங்கள் இன்றும் குடிசை போட்டு அங்கே இருக்கிறார்கள். கடல் அங்கேதானே இருக்கு, பிழைப்பும் அங்கேதான்.

என்ன மாறியது?

இவ்வளவு நேரம் சாவுக் கணக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கு மாறவும் செய்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போலாவுக்குப் பிறகு வங்கதேசத்தில் செஞ்சிலுவைச் சங்கமும் அரசும் சேர்ந்து ஊர் ஊராகத் தன்னார்வலர்களைத் தயார் செய்தார்கள். கையில் மெகாபோன், சைரன், கொடி. வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று கூப்பிடுவது. 91-க்குப் பிறகு, தண்ணீர் அடியில் ஓடிப்போகும்படி தூண்கள் மேல் நிற்கிற புயல் காப்பகங்கள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. சாதாரண நாளில் அதே கட்டடம் பள்ளிக்கூடம். 2007-ல் சித்ர் என்கிற கடும்புயல் வந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400. பெரிய துயரம்தான். ஆனால் மூன்று லட்சம் எங்கே, மூவாயிரம் எங்கே!

ஒடிசாவிலும் இதே கதை. 1999 அக்டோபர் 29, சூப்பர் சைக்ளோன். எரசமா பகுதியில் கடல் உள்ளே வந்தது. கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தார்கள். 2019 மே மாதம் ஃபானி வந்தபோது சுமார் 12 லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்திவிட்டார்கள். இறப்பு நூறைத் தொடவில்லை. காற்று குறையவில்லை, கடலும் சாதுவாகிவிடவில்லை. எச்சரிக்கை யாருக்கு என்பது மாறியது. கம்பத்து உச்சியிலிருந்து கூண்டு இறங்கி வீட்டு வாசலுக்கு வந்தது.

இன்னொரு விஷயம். 1999 புயலில், கடலுக்கும் ஊருக்கும் இடையே காடு அகலமாக இருந்த கிராமங்களில் இறப்பு குறைவு என்று பிறகு ஆய்வு செய்து கண்டார்கள். அந்தக் காட்டுக்குத் தமிழில் அழகான பெயர்: அலையாத்தி. அலையை ஆற்றுவது. பெயர் வைத்தவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது.

புயலே இல்லாமல் ஏறும் கடல்

முடிப்பதற்கு முன் ஒன்று. குமரி, கேரளக் கரைக்காரர்கள் "கள்ளக்கடல்" என்பார்கள். வானத்தில் மேகம் இல்லை, காற்று இல்லை, திடீரென்று கடல் பெருகி வீட்டுக்குள் வரும். திருடன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். எங்கிருந்து வருகிறது? பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, தென்துருவப் பக்கத்துக் கடலில் அடித்த புயல் கிளப்பிய அலைகள், நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன. இன்று ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே கணித்து, அதே மீனவச் சொல்லைப் பயன்படுத்தி எச்சரிக்கை தருகிறது.

2024 மே மாதம் அப்படி ஓர் எச்சரிக்கை இருந்தது. வெயில் நாள், கடற்கரைக்குப் போன ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அலையில் சிக்கி இறந்தார்கள். கணிப்பு சரியாக இருந்தது. அது அந்த ஐந்து பேரின் காலை மட்டும் நிறுத்தவில்லை. 1853-ல் பிடிங்டன் எழுதிய கடிதமும் சரியாகத்தான் இருந்தது, இல்லையா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் இனி வருகிற ஒவ்வொரு புயல் அலையும், ஒவ்வொரு ஓதமும், ஒவ்வொரு கள்ளக்கடலும் அந்த 20 சென்டிமீட்டர் மேலே ஏறி நின்றுகொண்டுதான் தொடங்கும்.

அடுத்தமுறை ரேடியோவிலோ டிவியிலோ புயல் செய்தி வரும்போது, காற்றின் வேகத்தை மட்டும் கேட்காதீர்கள். கடல் எவ்வளவு உயரும் என்று சொல்கிறார்களா, எந்த நேரத்தில் என்று சொல்கிறார்களா, கரையேறும் இடத்துக்கு வடக்கே இருக்கிறோமா தெற்கே இருக்கிறோமா என்று கவனியுங்கள். கடற்கரையில் சொந்தம் பந்தம் இருந்தால் ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க. கூண்டு ஏத்துறது துறைமுகத்தோட வேலை. வாசல்ல போய்க் கூப்பிடுறது நம்ம வேலை.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.